கிணத்துத் தண்ணியில வீட்டைச் சூடாக்கலாமா? மெஷினை விடுங்க, முதல்ல கிணத்தைப் பாருங்க

நீங்க கேட்டது இது. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல பீட்டர்பரோ பக்கம் பழைய பண்ணை வீடு வாங்கியிருக்கீங்க, ப்ரொபேன் பில் கட்டி மாளல, வீட்டுல 6 இன்ச் போர்வெல் ஒண்ணு இருக்கு. வந்து பார்த்த கான்ட்ராக்டர் "இவ்ளோ நல்ல கிணறு இருக்கறப்போ மண்ணைத் தோண்டி பைப் புதைக்கறது எதுக்கு, கிணத்துத் தண்ணியை நேரா ஹீட் பம்ப்புக்கு விட்டு வெளிய தள்ளிடலாம், செலவு ரொம்ப குறையும்"னு சொல்லியிருக்காரு, நம்பலாமான்னு கேக்கறீங்க. கூடவே கோயம்புத்தூர்ல அப்பா வீட்டு போர்ல இதே மாதிரி ஏசி போடலாமான்னும் கேட்டிருக்கீங்க.

நான் இங்க 313ஏ லைசென்ஸோட ஏசி, ரெஃப்ரிஜரேஷன் வேலை பாக்கறேன், என் சொந்த வீடும் 9 வருஷமா கிணத்துத் தண்ணியில தான் சூடாகுது. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க. ஹீட் பம்ப்புங்கறது ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரு மெஷின், ஒரு இடத்துல இருக்கற சூட்டை எடுத்து இன்னொரு இடத்துக்குத் தள்ளும், இங்க தண்ணியிலேர்ந்து எடுத்து வீட்டுக்குள்ள தள்ளுது. முடியுமான்னா முடியும், நல்லாவே முடியும், ஆனா அது மெஷினைப் பொறுத்த விஷயம் இல்லைங்க, உங்க கிணத்தைப் பொறுத்தது. வரத்து எவ்வளவு, தண்ணியில என்ன கலந்திருக்கு, சூட்டை எடுத்த பிறகு அந்தத் தண்ணி எங்க போகும், இந்த மூணுக்கும் பதில் தெரியாம எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதீங்க.

ஊர்ல மார்கழி காலையில கிணத்துல இறைச்ச தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், சித்திரை வெயில்ல அதே தண்ணி சில்லுன்னு இருக்கும், ஞாபகம் இருக்கா? தண்ணி மாறல, மேல இருக்கற காத்துதான் மாறுது. பூமிக்கு அடியில கொஞ்சம் ஆழத்துக்குப் போயிட்டா அந்த ஊரோட வருஷ சராசரி வெப்பநிலைக்குப் பக்கத்துலயே தண்ணி நிக்கும், தெற்கு ஒன்டாரியோல அது ஏறக்குறைய 8லேர்ந்து 10 டிகிரி செல்சியஸ். வெளிய மைனஸ் 25 அடிக்கற அன்னைக்கும் கிணத்துக்குள்ள 9 டிகிரிதான். இந்த 9 டிகிரி தண்ணி கைக்கு ஐஸ் மாதிரி இருந்தாலும் ஹீட் பம்ப்புக்கு அது பெரிய சொத்து, மைனஸ் 25 காத்துலேர்ந்து சூட்டைப் பிழியறதுக்கும் 9 டிகிரி தண்ணியிலேர்ந்து எடுக்கறதுக்கும் கம்ப்ரசர் படற பாட்டுல அவ்ளோ வித்தியாசம் இருக்கு.

புது ஐடியாவும் கிடையாது. அமெரிக்காவுல ஓரிகன் மாநிலம் போர்ட்லண்ட்ல 1948ல திறந்த ஈக்விட்டபிள் பில்டிங், இப்போ காமன்வெல்த் பில்டிங்னு பேரு, அந்தப் பெரிய ஆபீஸ் கட்டடத்தையே கிணத்துத் தண்ணி ஹீட் பம்ப் வச்சுதான் சூடாக்கவும் குளிர வைக்கவும் செஞ்சாங்க. 1980ல அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம் அதை ஒரு வரலாற்றுச் சின்னமாவே அறிவிச்சுது. அதனால "இதெல்லாம் நடக்காது"ன்னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க, "எந்தக் கிணத்துலயும் நடக்கும்"னு சொன்னா அதையும் கண்டுக்காதீங்க.

இப்போ கணக்குக்கு வருவோம், இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். உங்க வீட்டுக்கு நல்ல குளிர்ல 12 கிலோவாட் சூடு வேணும்னு வச்சுக்குவோம் (இதை யாரும் கண்ணால பார்த்துச் சொல்லக் கூடாது, சிஎஸ்ஏ எஃப்280ங்கற கனடா ஸ்டாண்டர்டு முறையில ரூம் ரூமா கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்க, பழைய ஃபர்னஸ் சைஸைப் பார்த்து அதே அளவு எழுதித் தர்றவரை நம்பாதீங்க). அதுல ஏறக்குறைய 3 கிலோவாட் கம்ப்ரசர் தின்னுற கரண்ட், மீதி 9 கிலோவாட் தண்ணியிலேர்ந்து வரணும். நிமிஷத்துக்கு 30 லிட்டர் தண்ணி ஓடினா, அதுல ஒவ்வொரு டிகிரி குறைக்கறப்பவும் 2 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல கிடைக்கும். அப்போ 9 கிலோவாட் எடுக்க 4.3 டிகிரி குறைச்சா போதும், 9 டிகிரில உள்ள போன தண்ணி 4.7ல வெளிய வரும். சந்தோஷம். இப்போ அதே மெஷினுக்கு பாதி தண்ணி, 15 லிட்டர்தான் கிடைக்குதுன்னு வைங்க, 8.6 டிகிரி குறையணும், வெளிய வர்றப்போ 0.4 டிகிரி. அதாவது மெஷினுக்குள்ள சுருளா இருக்கற அந்தக் குழாயோட சுவத்துல ஐஸ் கட்ட ஆரம்பிச்சிடும். கட்டிட்டா குழாய் வெடிக்கும், தண்ணியும் கேஸும் ஒண்ணா கலக்கும், அதோட அந்த மெஷின் கதை முடிஞ்சுது. வரத்து வரத்துன்னு நான் புலம்பறது இதுக்குத்தான்.

இந்த இடத்துல ஒரு செட்டிங் பத்திச் சொல்லிடறேன், மறந்துடாதீங்க. மெஷினோட கன்ட்ரோல் போர்டுல கிணறா, மூடுன லூப்பான்னு (அதாவது மண்ணுல புதைச்ச பைப்புக்குள்ள ஒரே தண்ணி சுத்திச் சுத்தி வர்றது) தேர்வு பண்ண ஒரு சின்ன ஸ்விட்சோ ஜம்பரோ இருக்கும். கிணறுன்னு வச்சா உறைநிலை கிட்ட வந்ததுமே மெஷின் தானா நின்னுடும். லூப்னு வச்சா உள்ள தண்ணி உறையாம இருக்கக் கலக்கற ஆன்டிஃப்ரீஸ் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் கீழ போக விட்டுடும். மாத்தி வச்சிட்டுப் போனதால வெடிச்ச மெஷினை நானே கழட்டியிருக்கேன். வேலை முடிஞ்ச அன்னைக்கே போர்டைத் திறந்து காட்டச் சொல்லி உங்க கண்ணால பாருங்க.

சரி, உங்க கிணத்தோட வரத்து எவ்வளவுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஒன்டாரியோல கிணறு தோண்டுனா டிரில்லர் வெல் ரெக்கார்டு எழுதி அரசாங்கத்துக்குக் கொடுக்கணும், 1899லேர்ந்து இருக்கற ரெக்கார்டெல்லாம் மாகாண அரசோட மேப்புல யாரும் பார்க்கற மாதிரி போட்டு வச்சிருக்காங்க. உங்க வீட்டு மேல ஜூம் பண்ணுங்க, அநேகமா கிடைக்கும். அதுல எத்தனை அடி, எந்த ஆழத்துல பாறை, தண்ணி எங்க கிடைச்சுது, சும்மா நிக்கறப்போ நீர்மட்டம் எங்க, இறைக்கறப்போ எவ்வளவு இறங்குச்சு, எவ்வளவு வேகத்துல இறைக்கலாம்னு டிரில்லர் சிபாரிசு பண்றாரு, எல்லாம் இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, பழைய ரெக்கார்டுல காலன்னா அது இம்பீரியல் காலன், 4.5 லிட்டர், ஹீட் பம்ப் கம்பெனி புக்குல ஜிபிஎம்னா, அதாவது நிமிஷத்துக்கு இத்தனை காலன்னா, அது அமெரிக்க காலன், 3.8 லிட்டர். ரெண்டையும் போட்டுக் குழப்பாம லிட்டருக்கு மாத்திட்டுக் கணக்குப் போடுங்க.

ஆனா அந்த ரெக்கார்டுல இருக்கறது பெரும்பாலும் ஒரு மணி நேர டெஸ்ட். குளிக்க, துணி துவைக்க அது போதும். ஜனவரில மூணு நாள் விடாம மைனஸ் 25 அடிக்கறப்போ ராத்திரி பகலா ஓடற மெஷினுக்கு அது பத்தவே பத்தாது. அதனால நீங்களே ஒரு டெஸ்ட் போடுங்க, அதுவும் ஆகஸ்ட் கடைசி செப்டம்பர் வாக்குல, நிலத்தடி நீர் இறங்கி இருக்கற சமயத்துல. வெளிக் குழாய் ஒண்ணுல 30 லிட்டர் வராது, ரெண்டு மூணு திறந்து விடுங்க, 20 லிட்டர் பக்கெட்டைப் பிடிங்க, எல்லாக் குழாயும் சேர்ந்து 40 செகண்டுக்கு ஒரு பக்கெட் நிரம்புனா அது நிமிஷத்துக்கு 30 லிட்டர். அப்படியே ஒரு முழு நாள் ஓட விடுங்க, தண்ணியை வீட்டை விட்டுத் தள்ளி எங்கயாவது விடணும், செப்டிக் டேங்க் தண்ணி மண்ணுல இறங்கற செப்டிக் பெட் பக்கம் வேண்டவே வேணாம். மணிக்கு ஒரு தடவை பக்கெட் பிடிச்சு நோட்டுல எழுதுங்க. வெல் டெக்னீஷியனைக் கூப்பிட்டு நீர்மட்டத்தை அளக்கச் சொன்னா இன்னும் நல்லது, லைசென்ஸ் இருக்கற ஆளாப் பாருங்க, கிணத்து மூடியை நீங்களா திறந்து கயிறு, டேப்னு எதையும் உள்ள விடாதீங்க, குடிக்கற தண்ணி அது. நீர்மட்டம் முதல்ல கொஞ்சம் இறங்கி ஒரு இடத்துல நின்னுட்டா நல்ல கிணறு, மணிக்கு மணி இறங்கிக்கிட்டே போனா அந்தக் கிணத்துக்கு இது தாங்காது. ஒருவேளை உங்களுது போர்வெல் இல்லாம கான்கிரீட் உறை இறக்குன அகலமான, ஆழம் குறைஞ்ச கிணறா இருந்தா இதுக்கு மேல படிக்கவே வேணாம், அது இந்த வேலைக்கு ஆகாது.

அடுத்தது தண்ணியில என்ன இருக்குங்கறது. இதைத்தான் எல்லாரும் லேசா எடுத்துக்கறாங்க, நானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். என் வீட்டுல மெஷின் போட்டு மூணாவது குளிர்காலம், ஜனவரி, வெளிய மைனஸ் 27. விடியக்காலம் எழுந்தா வீடு 16 டிகிரி, சின்னவ ஸ்வெட்டரோட வந்து மடியில உக்காந்துக்கறா, கீழ பேஸ்மென்ட்ல மெஷின் தன்னைக் காப்பாத்திக்க தானா நின்னு லாக்அவுட்ல இருக்கு. பம்ப் ஓடுது, பிரஷர் இருக்கு, ஆனா மெஷின் வழியா போற தண்ணியை அளந்தா 30 வர வேண்டிய இடத்துல 17 லிட்டர். தண்ணி உள்ள போற வழியில ஒய் மாதிரி ஒரு ஸ்ட்ரெய்னர் இருக்கும், அதோட மூடியைக் கழட்டுனேன், உள்ள இருந்த சல்லடையே கண்ணுக்குத் தெரியல. செங்கல் பொடியை விளக்கெண்ணெய்ல குழைச்ச மாதிரி காவி கலர்ல ஒரு கொழகொழப்பு, விரல்ல எடுத்தா வழுக்குது, துரு வாடை. என் கிணத்துத் தண்ணியில இரும்பு அதிகம், அதைத் தின்னு வளர்ற பாக்டீரியாவும் இருந்திருக்கு.

இரும்பு மட்டும்னா அவ்ளோ சீக்கிரம் அடைச்சிருக்காது. மெஷின் போட்டவங்க தண்ணியைத் திறந்து மூடற வால்வை மெஷினுக்கு முன்னாடி வச்சிருந்தாங்க, வெளிய போற பக்கம் வச்சிருக்கணும். இது பார்க்க சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. வால்வு வெளியேறுற பக்கம் இருந்தா மெஷின் நின்னாலும் குழாய்க்குள்ள தண்ணி பிரஷரோட நிறைஞ்சே நிக்கும், காத்துப் படாது, தண்ணியில கரைஞ்சிருக்கற கேஸும் பிரியாது. முன்னாடி வச்சா மெஷின் நிக்கற ஒவ்வொரு தடவையும் பிரஷர் விழுந்து, தண்ணி வழிஞ்சு போய், காத்து உள்ள வந்து, கரைஞ்சிருந்த இரும்பு துருவா மாறிப் படியும், சுண்ணாம்பும் சேர்ந்து ஒட்டிக்கும். அன்னைக்கு ஸ்ட்ரெய்னரைக் கழுவி எப்படியோ ஓட்டிட்டேன், அந்த வாரமே வால்வை இடம் மாத்துனேன், சின்ன பம்ப்பும் பக்கெட்டும் வச்சு லேசான ஆசிட் கரைசலைச் சுருள் வழியா சுத்த விட்டேன், பக்கெட்ல தண்ணி டீ டிகாக்ஷன் மாதிரி ஆச்சு. அதுலேர்ந்து ஒவ்வொரு அக்டோபர்லயும் ஸ்ட்ரெய்னரும் ஃப்ளோவும் பாக்காம குளிருக்குள்ள போறதில்ல. வால்வு மெதுவா மூடற வகையா இருக்கணும், பட்டுன்னு மூடுனா பைப்புல டமார் டமார்னு அடிக்கும், ஜாயின்ட் எல்லாம் லூசாகும்.

அதனால தண்ணியை லேப்ல கொடுத்துப் பாருங்க. இங்க பப்ளிக் ஹெல்த்ல கிணத்துத் தண்ணிக்குப் பண்ற டெஸ்ட் பாக்டீரியாவுக்குத்தான், குடிக்கலாமா கூடாதாங்கறதுக்கு. உங்களுக்கு வேணும்கறது இரும்பு, மாங்கனீஸ், கடினத்தன்மை, பிஎச், குளோரைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, இதை பிரைவேட் லேப்லதான் காசு கொடுத்துப் பண்ணணும். இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல போனா கவனமா இருக்கணும்னு அர்த்தம். குழாயைத் திறந்ததும் அழுகின முட்டை நாத்தம் வந்தா அது சல்ஃபைடு, செம்பை அரிச்சிடும், அந்த மாதிரி கிணத்துக்கு நான் வேண்டாம்னே சொல்லிடுவேன். மெஷின் வாங்கறப்போ தண்ணிச் சுருள் சாதா செம்பா இல்லாம, செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோநிக்கல்னு எழுதி வாங்குங்க, கிணத்துத் தண்ணிக்கு அதுதான் தாக்குப் பிடிக்கும். அப்புறம் ஹீட் பம்ப்புக்குப் போற லைனை, உப்பு போட்டு தண்ணியோட கடினத்தன்மையைக் குறைக்கற வாட்டர் சாஃப்ட்னருக்கு முன்னாடியே பிரிச்சிடணும், இல்லன்னா மூட்டை மூட்டையா உப்பு வாங்கிக் கொட்டிக்கிட்டே இருப்பீங்க.

இப்போ மூணாவது விஷயம். உங்க கான்ட்ராக்டர் "வெளிய தள்ளிடலாம்"னு ஒரே வார்த்தையில முடிச்சாரே, அது எவ்வளவு தண்ணின்னு யோசிச்சீங்களா? நிமிஷத்துக்கு 30 லிட்டர், நாள் பூரா ஓடினா 43,200 லிட்டர். நம்ம ஊர்ல தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரி மூணரை. ஒரு நாளைக்கு. குளிர் சீசன் முழுக்க உங்க வீட்டுக்கு 25,000 யூனிட் அளவு சூடு வேணும்னு வச்சா அதுக்கு சுமார் 37 லட்சம் லிட்டர் தண்ணி மேல வந்து போகணும். தண்ணிக்கு நாலு தெரு நடந்த ஊர்லேர்ந்து வந்தவன் நான், அந்த நம்பரை முதல் தடவை கணக்குப் போட்டப்போ எனக்கு மனசே ஆறல. அதனாலதான் சொல்றேன், முடிஞ்ச வரைக்கும் எடுத்த தண்ணியை அதே நிலத்தடிக்குத் திருப்பிக் கொடுங்க. தண்ணி கெட்டுப் போகல, அழுக்காகல, நாலு டிகிரி குளிர்ந்திருக்கு, அவ்ளோதான்.

திருப்பி இறக்க ரெண்டாவது கிணறு வேணும், அதை ரிட்டர்ன் வெல்னு சொல்லுவாங்க. முதல் கிணத்துலேர்ந்து குறைஞ்சது 100 அடியாவது தள்ளி, தண்ணி ஓடற திசையில கீழ்ப்பக்கமா இருக்கறது நல்லது, பக்கத்துலயே இருந்தா நீங்க இறக்குன குளிர்ந்த தண்ணியையே திரும்ப இறைச்சுக்கிட்டு இருப்பீங்க, ஃபிப்ரவரி வாக்குல 9 டிகிரி 6 ஆகும், 5 ஆகும், மெஷின் திணறும். ரிட்டர்ன் பைப் நீர்மட்டத்துக்குக் கீழ வரைக்கும் போகணும், மேலேர்ந்து அருவி மாதிரி கொட்டுனா காத்துக் கலந்து இரும்பு துருவாகி அந்தக் கிணறே அடைச்சுக்கும். இந்தச் சூடு குளிர் மாறுற விஷயம் ஊர் அளவுல கூட நடந்திருக்கு, வின்னிபெக் நகரத்துக்கு அடியில இருக்கற சுண்ணாம்புப் பாறைத் தண்ணியைப் பல வருஷமா நிறைய கட்டடங்க கூலிங்குக்கு எடுத்து, சூடேறுன தண்ணியைத் திரும்ப உள்ள விட்டதுல சில இடங்கள்ல நிலத்தடி நீரே சூடாகிப் போச்சு.

ரெண்டாவது கிணறு தோண்டாம குளத்துக்கோ ரோட்டோர கால்வாய்க்கோ விடறவங்களும் இருக்காங்க. சொந்த நிலத்துல பெரிய குளம் இருந்தா ஏதோ சரி. ரோட்டோர கால்வாய் முனிசிபாலிட்டியோடது, ஜனவரில அதுல 24 மணி நேரமும் தண்ணி விட்டா அடுக்கடுக்கா ஐஸ் ஏறி கல்வர்ட்டை அடைச்சு ரோட்டுல வழியும், பக்கத்து வீட்டுக்காரர் வண்டி சறுக்குனா பதில் சொல்ல வேண்டியது நீங்க. வெளிய போற பைப்பும் உறையற ஆழத்துக்குக் கீழ, இங்க குறைஞ்சது நாலு அடி, சரிவா போகணும்.

சட்டத்தையும் பார்த்துக்கோங்க. ஒன்டாரியோல ஒரு நாளைக்கு 50,000 லிட்டருக்கு மேல தண்ணி எடுத்தா பெர்மிட் வேணும். மேல சொன்ன 43,200க்கும் அதுக்கும் எவ்ளோ கிட்டன்னு பாருங்க, கொஞ்சம் பெரிய மெஷினா, நிமிஷத்துக்கு 38 லிட்டர்னு போட்டா நாள் பூரா ஓடுற அன்னைக்கு 54,000 தாண்டிடும். கிணறு வேலை எல்லாம் ரெகுலேஷன் 903 படி லைசென்ஸ் இருக்கறவங்கதான் செய்யணும். தண்ணியை வெளிய விடறதுக்கு முனிசிபாலிட்டி, கன்சர்வேஷன் அத்தாரிட்டி, மாகாண சுற்றுச்சூழல் அமைச்சகம் மூணு பேர்கிட்டயும் எழுத்துல கேட்டு எழுத்துலயே பதில் வாங்கி ஃபைல்ல வைங்க. கான்ட்ராக்டர் "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு சொன்னா வேற ஆளைப் பாருங்க.

காசு விஷயம். ப்ரொபேன் ஒரு லிட்டர்ல சுமார் 7 யூனிட் சூடு, நல்ல ஃபர்னஸ்ல 6.7 வீட்டுக்குள்ள வரும். ஹீட் பம்ப் ப்ரோஷர்ல சிஓபி 4ன்னு போட்டிருப்பாங்க, அதாவது ஒரு யூனிட் கரண்ட்டுக்கு 4 யூனிட் சூடு. ஆனா அந்த நம்பர் 10 டிகிரி தண்ணிக்கு எடுத்தது, அதோட கிணத்துலேர்ந்து தண்ணியை மேல தூக்கற பம்ப்போட கரண்ட் அதுல சேராது. உங்க நீர்மட்டம் 60 அடின்னா பம்ப்புக்கு அரை கிலோவாட் ஆகும், மெஷினோட 3 கிலோவாட்டோட இதையும் சேர்த்தா நிஜத்துல 3.3, 3.4 தான் வரும். நீர்மட்டம் 200 அடில இருந்தா பம்ப்பே ஒரு கிலோவாட் தின்னும், 3க்கு இறங்கிடும். 3.3ன்னு வச்சா ஒரு லிட்டர் ப்ரொபேனுக்கு பதிலா 2 யூனிட் கரண்ட். உங்க ப்ரொபேன் பில்லுல லிட்டர் என்ன விலை, ஹைட்ரோ பில்லுல (இங்க கரண்ட் பில்லுக்கு அதான் பேரு) எல்லா சார்ஜும் சேர்த்து யூனிட் என்ன விலைன்னு பாருங்க, உங்க மிச்சம் எவ்வளவுன்னு நீங்களே ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம். வருஷத்துக்கு 3,700 லிட்டர் எரிக்கற வீட்டுல அது 7,500 யூனிட்டா மாறும், எனக்குத் தெரிஞ்சு ப்ரொபேன் வீட்டுக்கு இது பெரிய மிச்சம். இயற்கை எரிவாயு லைன் இருக்கற வீடா இருந்தா இவ்ளோ தெம்பா சொல்ல மாட்டேன்.

பம்ப் பத்தியும் ஒரு வார்த்தை. இப்போ இருக்கற வீட்டு பம்ப் சாயங்காலம் குளிக்கறதுக்கும் துவைக்கறதுக்கும் போட்டது, அதையே இந்த வேலைக்கும் நாள் பூரா ஓட்டுனா சீக்கிரம் போயிடலாம், நடுக்குளிர்ல பம்ப் போனா சூடும் இல்ல, குடிக்கத் தண்ணியும் இல்ல. தேவைக்கேத்த மாதிரி வேகம் மாறுற கான்ஸ்டன்ட் பிரஷர் பம்ப்பா மாத்திடுங்க. கரண்ட் போனா ஜெனரேட்டர் பம்ப்பையும் கம்ப்ரசரையும் சேர்த்து இழுக்குமான்னும் பாத்துக்கோங்க, நான் ஹாலுக்கு ஒரு விறகு அடுப்பு வச்சிருக்கேன்.

உங்க பழைய வீட்டு டக்ட்டும் முக்கியம். ஃபர்னஸ் காத்து 50, 55 டிகிரில வரும், ஹீட் பம்ப் காத்து 35 சுமாருக்குத்தான் வரும், அதனால அதே சூட்டுக்கு நிறைய காத்தைத் தள்ளணும். டக்ட் சிறுசா இருந்தா சத்தம் வரும், மாடி ரூம் சூடே ஆகாது. இதைப் பார்க்காமலே கொட்டேஷன் கொடுத்திருந்தா அந்தக் கொட்டேஷன் முழுசா இல்லைன்னு அர்த்தம்.

கோடையில இது தர்ற சுகம் தனி. ஜூலைல புழுக்கம் கொல்லும்போது 9 டிகிரி தண்ணிக்கு சூட்டைத் தள்ளறது கம்ப்ரசருக்கு மலையிலேர்ந்து இறங்கற மாதிரி, கரண்ட் ரொம்ப கம்மி. கம்ப்ரசரே இல்லாம அந்தத் தண்ணியை ஒரு ஃபேன் காயில் வழியா விட்டாலே ரூம் குளிரும், காத்துல இருக்கற ஈரமும் கொஞ்சம் வடியும், என் நண்பர் ஒருத்தர் தன் வொர்க்‌ஷாப்புல அப்படித்தான் வச்சிருக்காரு. காயிலுக்கு அடியில தட்டும் ட்ரெயினும் வைக்க மறந்துடாதீங்க, நல்லா வேர்க்கும்.

கிணறு பாஸ் ஆகலன்னா கவலைப்படாதீங்க. ரெண்டு ஏக்கர் நிலம் இருக்குன்னு சொன்னீங்க, நிலத்துல அகழி வெட்டிப் படுக்கையா பைப் போடற மூடுன லூப் அருமையா போடலாம், தண்ணி எடுக்கற தொல்லையே இல்ல, குளிர் முடியற சமயத்துல லூப் தண்ணி ஜீரோ கிட்ட வந்துடும்கறதால சிஓபி கொஞ்சம் குறையும், அவ்ளோதான். செங்குத்தா துளை போடற லூப்னா 5 மீட்டருக்குக் கீழ போனாலே மாகாண அனுமதி வேணும், 2012லேர்ந்து அந்த விதி இருக்கு. இப்போ வர்ற குளிர் நாட்டு ஏர் சோர்ஸ் ஹீட் பம்ப்பும் மைனஸ் 25ல ஓடுது, அதையும் ஒரு கொட்டேஷன் வாங்கிப் பக்கத்துல வச்சுப் பாருங்க. என் கருத்தைக் கேட்டா, வரத்தும் நல்லா இருந்து, தண்ணியும் சுத்தமா இருந்து, ரிட்டர்ன் கிணத்துக்கு இடமும் இருந்தா கிணத்துத் தண்ணியை அடிச்சுக்க ஒண்ணும் இல்ல. மூணுல ஒண்ணு இல்லன்னாலும் நான் படுக்கை லூப்புக்குப் போயிடுவேன்.

கோயம்புத்தூருக்கு வேண்டாம். அங்க நிலத்தடி நீரே 27, 28 டிகிரி, வெளிக் காத்து 36ன்னா வித்தியாசம் எட்டே டிகிரிதான், இங்க கிடைக்கற லாபம் அங்க கிடைக்காது. அப்பா வீட்டு போர் 800 அடின்னு சொன்னீங்க, தண்ணி 600 அடில நிக்குதுன்னு வைங்க, ஒன்றரை டன் ஏசிக்கு வேண்டிய தண்ணி நிமிஷத்துக்கு 17 லிட்டர், அதை அவ்ளோ ஆழத்துலேர்ந்து தூக்க ஒரு கிலோவாட்டுக்கு மேல ஆகும், ஒரு இன்வெர்ட்டர் ஏசி முழுசா ஓடுனா தின்னுற கரண்ட்டுக்கு அது கிட்ட வந்துடுது. தண்ணியைத் திருப்பி இறக்குனாலும் அங்க குளிர்காலம்னு ஒண்ணு வந்து அந்தச் சூட்டைத் திரும்ப எடுக்கப் போறதில்ல, வருஷா வருஷம் சூடு ஏறிக்கிட்டேதான் போகும். அதைவிட மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயின்ட் அடிச்சு, மேற்குச் சுவருக்கு நிழல் கொடுத்து, நல்ல ஸ்டார் ரேட்டிங் ஏசி ஒண்ணு போட்டுக் கொடுங்க. போர்ல இருக்கற தண்ணி குடிக்கவும் தென்னைக்கும் இருக்கட்டும்.

உங்க வீட்டுக்கு இப்போதைக்கு வெல் ரெக்கார்டைத் தேடி எடுங்க, தண்ணி சாம்பிள் லேபுக்கு அனுப்புங்க, ஆகஸ்ட் கடைசில அந்த 24 மணி நேர டெஸ்ட் போடுங்க. நோட்டுல எழுதுனதையும் லேப் ரிப்போர்ட்டையும் படம் பிடிச்சு இங்கயே போடுங்க, எத்தனை டன் மெஷின் தாங்கும், எந்த பம்ப்னு உக்காந்து கணக்குப் போட்டுச் சொல்றேன்.